டீத்தூளைத் திட்டாதீங்க, தண்ணியைப் பாருங்க

முதலில் என் கருத்தைச் சொல்லிடறேன், அப்புறம் திட்டுறவங்க திட்டலாம். நல்ல டீக்கு முதல் காரணம் தண்ணி. தூள், பால், கைப்பக்குவம் எல்லாம் அதுக்கு அடுத்த வரிசையில்தான் வந்து நிக்கணும்.

இதைச் சொன்னா நம்ம ஹாஸ்டல்ல சிரிக்கிறாங்க. இங்க டீ பத்தின பேச்சு எல்லாமே தூள் பத்தின பேச்சுதான். ஒருத்தன் ஒரு கம்பெனி பேரைச் சொல்வான். இன்னொருத்தன் அதெல்லாம் மரத்தூள்டா என்பான். மூணாவது ஆள், எங்க மாமா கடையில லூஸ்ல விக்கிற தூளை அடிச்சுக்க உலகத்துல ஆளே இல்லைன்னு சத்தியம் பண்ணுவான். ராத்திரி ரெண்டு மணிக்கு கெட்டிலைச் சுத்தி உக்காந்து நடக்கிற இந்தப் பட்டிமன்றத்துல, பக்கத்துல இருக்கிற தண்ணி கேனை ஒருத்தரும் திரும்பிப் பார்த்தது கிடையாது. நானும் பார்த்ததில்லை, போன பொங்கல் வரைக்கும்.

என் ஊர் குமாரலிங்கபுரம். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து மானாவாரிக் காடு. வெளியூர்க்காரங்களுக்குக் காடுன்னா மரம் ஞாபகம் வரும். எங்களுக்குக் காடுன்னா கரிசல் நிலம். மழை பெஞ்சா பருத்தி, மல்லி, மக்காச்சோளம். பெய்யலைன்னா சீமைக்கருவேல். எங்க வீட்ல தண்ணிக்கு ரெண்டு பேர் உண்டு. ஒண்ணு நல்ல தண்ணி, இன்னொண்ணு உப்புத் தண்ணி. நல்ல தண்ணி கூட்டுக் குடிநீர்க் குழாயில் வர்ற அன்னைக்குப் பிடிச்சு வைக்கிறது. வராத அன்னைக்கு வண்டியில வர்றதைக் குடம் இவ்வளவுன்னு காசு குடுத்து வாங்கணும். உப்புத் தண்ணி போர்ல வர்றது. குளிக்க, துவைக்க, மாட்டுக்கு, பாத்திரம் கழுவ. அந்தத் தண்ணியில சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, தலைமுடி சிக்கு விழும். இதெல்லாம் சின்ன வயசுல இருந்தே தெரியும். டீக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குன்னுதான் தெரியாது.

குன்னூர்க்காரன் போட்ட டீ

போன பொங்கலுக்கு என் ரூம்மேட் ஊருக்கு வந்தான். அவன் குன்னூர்க்காரன். வீட்டு ஜன்னலைத் திறந்தா தேயிலைத் தோட்டம் தெரியும். வரும்போதே ஒரு கிலோ தூள் கொண்டு வந்தான். மறுநாள் காலையில அடுப்படிக்குப் போய், "இன்னைக்கு எல்லாருக்கும் நான்தான் டீ. நீங்க இதுவரைக்கும் குடிச்சதெல்லாம் டீயே இல்ல மச்சான்"னு ஆரம்பிச்சான். அங்க ஒரு வாளியில தண்ணி இருந்தது. அதை மோந்து அடுப்புல வச்சான். தூளைப் போட்டு, அவங்க வீட்ல செய்ற மாதிரியே நாலு நிமிஷம் தளதளன்னு கொதிக்கவிட்டான். பால் ஊத்தி, ஆத்தி, எல்லாருக்கும் குடுத்தான்.

நிறமே ஒரு மாதிரி இருந்தது. டீக்குள்ள சாம்பல் கலந்த மாதிரி மங்கலா. கொஞ்ச நேரம் வச்சா மேல மெல்லிசா ஒரு ஆடை. அது பாலாடை இல்லை, விரல்ல தொட்டா உடையுற மாதிரி ஒரு படலம். வாயில வச்சா முதல்ல உப்பு, அப்புறம் கசப்பு, அப்புறம் நாக்கைப் பிடிக்கிற துவர்ப்பு. எங்க சித்தப்பா மரியாதையான மனுஷன். "டீ நல்லாத்தான் இருக்கு தம்பி"ன்னு சொல்லிட்டு டம்ளரைத் திண்ணையில வச்சிட்டுப் போயிட்டார். பாதி டம்ளர் அப்படியே இருந்தது.

பையன் முகம் சுண்டிப்போச்சு. "உங்க ஊருக்கு வந்ததும் தூள் நமத்துப் போச்சு போல"ன்னு சமாளிச்சான். அப்பத்தா வந்து எட்டிப் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டுச்சு.

"எந்தத் தண்ணியில போட்ட ராசா?"

"அந்த வாளியில இருந்துதான் பாட்டி."

"அது பாத்திரம் கழுவ வச்சிருந்த தண்ணில்லய்யா!"

அப்பத்தா மூடி வச்சிருந்த குடத்தில இருந்து ஒரு செம்பு நல்ல தண்ணி எடுத்துச்சு. அதே தூள், அதே பால், அதே அடுப்பு. அளவு எல்லாம் கைக்கணக்கு. தூளைப் போட்டதும் ஒரு கொதி விட்டு இறக்கி மூடி வச்சிருச்சு. வந்த டீ புதுச் செங்கல் நிறத்துல இருந்தது. சித்தப்பா அந்தத் தடவை டம்ளரைக் கவுத்து வச்சிட்டுத்தான் போனார்.

ஒரு மாறியை மட்டும் மாத்தி, மத்ததையெல்லாம் அப்படியே வச்சுப் பார்க்கிறதுதான் சோதனைன்னு நமக்கு முதல் வருஷத்துல சொல்லிக் குடுத்தாங்க. அதை அடுப்படியில செஞ்சு காட்டினது அப்பத்தா.

ரெக்கார்டு நோட்டில் தூங்குற பதில்

முதல் வருஷ கெமிஸ்ட்ரி லேப் ஞாபகம் இருக்கா? ஈ.டி.டி.ஏ. முறையில் தண்ணியின் கடினத்தன்மை கண்டுபிடிக்கிற சோதனை. கூம்புக் குடுவையில தண்ணி, அம்மோனியா பஃபர், எரியோகுரோம் பிளாக் டி ரெண்டு சொட்டு. ஒயின் சிவப்பு நிறம் நீலமா மாறுற வரைக்கும் ப்யூரெட்ல இருந்து சொட்டுச் சொட்டா விடணும். நம்மள்ல பாதிப் பேர் பக்கத்து டேபிள் ரீடிங்கைப் பார்த்து எழுதிட்டு கேன்டீனுக்கு ஓடியிருப்போம். நானும் அந்தப் பாதிதான். அந்த ரெக்கார்டு நோட்டை நான் முதல்முறையா ஒழுங்காப் படிச்சது இந்தப் பொங்கலுக்கு அப்புறம்தான்.

தண்ணியில கால்சியம், மெக்னீசியம் உப்புகள் கரைஞ்சிருந்தா அது கடினநீர். அதுல ரெண்டு வகை. பைகார்பனேட்டா இருந்தா தற்காலிகக் கடினத்தன்மை. கொதிக்கவச்சா கால்சியம் கார்பனேட்டா மாறி அடியில வெள்ளையாப் படிஞ்சிடும். கெட்டில் உள்பக்கம் ஒட்டியிருக்கிற சுண்ணாம்பு அதுதான். சல்பேட், குளோரைடா இருந்தா நிரந்தரக் கடினத்தன்மை. எவ்வளவு கொதிக்கவச்சாலும் போகாது. இது போக சாதாரண சோடியம் உப்பு தனி. அதுவும் கொதிச்சாப் போகாது. தண்ணி வத்த வத்த இன்னும் கரிக்கத்தான் செய்யும்.

இந்தியத் தர நிர்ணய அமைப்போட ஐ.எஸ். 10500 தரநிலைப்படி குடிதண்ணியில கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரைக்கும் ஏத்துக்கலாம். வேற தண்ணியே இல்லைன்னா 600 வரைக்கும் பொறுத்துக்கலாம். கரைஞ்ச உப்புகள் மொத்தமா, அதாவது டி.டி.எஸ்., 500 வரைக்கும் ஏத்துக்கலாம், வேற வழி இல்லைன்னா 2000. "வேற வழி இல்லைன்னா" என்கிற அந்த வார்த்தையை லேப்ல படிக்கும்போது நான் கவனிக்கலை. எங்க ஊர் மாதிரி ஊர்களுக்காகத்தான் அது எழுதியிருக்கு.

இப்ப டீக்கு வருவோம். தேயிலையில இருக்கிற பாலிஃபீனால்கள்தான் நிறம், துவர்ப்பு ரெண்டுக்கும் முக்கியக் காரணம். தண்ணியில கால்சியம் அதிகமா இருந்தா இதெல்லாம் இலையில இருந்து சரியா இறங்காது. இறங்கினது காத்துப் பட்டு, கால்சியத்தோடவும் பைகார்பனேட்டோடவும் சேர்ந்து மேல படலமா மிதக்கும். இதை லண்டன் இம்பீரியல் கல்லூரியில மைக்கேல் ஸ்பைரோவும் அவரோட மாணவரும் ஆராய்ச்சி பண்ணி, 1993-ல் 'நேச்சர்' இதழில் எழுதியிருக்காங்க. லண்டன் தண்ணியும் கடினநீர்தான். அதாவது குமாரலிங்கபுரத்துல சித்தப்பா திண்ணையில வச்சிட்டுப் போன அதே பிரச்சினை லண்டன்லயும் இருந்திருக்கு. அவங்க அதை ஆராய்ச்சிக் கட்டுரை ஆக்கிட்டாங்க. நாம "உங்க ஊர்க்காரங்களுக்கு டீ போடத் தெரியாது"ன்னு முடிச்சிட்டோம்.

குன்னூர்க்காரன் செஞ்ச இன்னொரு தப்பும் அவன் தப்பு இல்லை. குன்னூர் கடல்மட்டத்துல இருந்து சுமார் 1850 மீட்டர் உயரம். அங்க காத்தழுத்தம் குறைவு, தண்ணி ஏறத்தாழ 94 டிகிரியிலயே கொதிச்சிடும். தண்ணியும் மலைத் தண்ணி, மென்னீர். அங்க நாலு நிமிஷம் கொதிச்சாத்தான் அவனுக்குப் பிடிச்ச டீ வரும். எங்க சமவெளியில தண்ணி 100 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும். அதே நாலு நிமிஷம் இங்க கசப்புதான். அவன் செய்முறை சரி. ஊர்தான் மாறிப்போச்சு.

உலகமே விதி எழுதியிருக்கு

நல்ல டீக்கு விதி எழுதுறதுல பெரிய பெரிய ஆட்கள் இறங்கியிருக்காங்க. ஜார்ஜ் ஆர்வெல் 1946-ல் ஒரு லண்டன் பத்திரிகையில 11 விதி எழுதினார். தூள் இந்தியா அல்லது இலங்கைத் தேயிலையா இருக்கணும், தண்ணி கொதிச்சுக்கிட்டே இருக்கணும், சர்க்கரை போடவே கூடாதுன்னு கறாரா எழுதினார். எந்த ஊர்த் தண்ணின்னு அந்த 11-ல ஒரு விதி கூட இல்லை.

சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு 1980-ல் ஐ.எஸ்.ஓ. 3103-ன்னு ஒரு தரநிலையே வெளியிட்டுச்சு. 100 மில்லிக்கு 2 கிராம் தேயிலை, பீங்கான் பாத்திரம், 6 நிமிஷம். இது சுவைச் சோதனைக்காக எழுதினது, வீட்டுக்கு இல்லை. இதுக்கு இணையான பிரிட்டிஷ் தரநிலைக்கு 1999-ல் இக் நோபல் என்கிற கிண்டல் விருது கூடக் குடுத்தாங்க. ஆனா அதுல கிண்டல் பண்ண முடியாத ஒரு வரி இருக்கு. சோதனைக்குப் பயன்படுத்துற தண்ணி, அந்தத் தேயிலையை எந்த ஊர்ல குடிக்கப் போறாங்களோ அந்த ஊர்க் குடிதண்ணி மாதிரியே இருக்கணும் என்கிறது அது. தூளை மதிப்பிடணும்னா தண்ணியைத் தெரிஞ்சுக்கிட்டு வான்னு சர்வதேசத் தரநிலையே ஒத்துக்கிட்டிருக்கு. என் கட்சிக்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை.

2024 ஜனவரியில மிஷேல் ஃப்ராங்கல்னு ஒரு அமெரிக்க வேதியியல் பேராசிரியர், டீயில ஒரு சிட்டிகை உப்பு போட்டா கசப்பு தெரியாதுன்னு சொல்லப்போய் இங்கிலாந்தே கொந்தளிச்சது. லண்டன்ல இருக்கிற அமெரிக்கத் தூதரகம், இது எங்க அரசோட கொள்கை இல்லைன்னு வேடிக்கையா அறிக்கை விட வேண்டியதாப்போச்சு. எங்க ஊர்ல இது செய்தியே இல்லை. எங்களுக்கு போர்லயே உப்பு போட்டுத்தான் வருது. சிட்டிகை அளவுதான் கொஞ்சம் தாண்டிப்போச்சு.

என் செய்முறை

விமர்சனம் பண்ணா மட்டும் போதாது, நீ எப்படிப் போடுவேன்னு கேப்பீங்க. ரெண்டு கிளாஸுக்கு என் கணக்கு இது.

நல்ல தண்ணி 150 மில்லி, பால் 75 மில்லி, டஸ்ட் டீத்தூள் மட்டமா ரெண்டு டீஸ்பூன். இஞ்சி போடுறதா இருந்தா நசுக்கி, தண்ணியோடவே போட்டு ரெண்டு நிமிஷம் நல்லா கொதிக்கவிடணும். பச்சை இஞ்சியில புரதத்தை உடைக்கிற ஒரு நொதி இருக்கு. சூடு பட்டா அது செயலிழந்துடும். சூடு படாம நேராப் பால்ல போட்டா பால் திரிஞ்சிடும். அப்பவும் நாம பால்காரரைத்தான் திட்டுவோம்.

தண்ணி நல்லாக் கொதிக்கும்போது தூளைப் போட்டு, ஒரே ஒரு கொதி வந்ததும் அடுப்பை அணைச்சு, மூடி, மூணு நிமிஷம் விடணும். டஸ்ட் தூளை நாலு நிமிஷம், அஞ்சு நிமிஷம் கொதிக்கவிடுறதுல எனக்கு உடன்பாடே இல்லை. நாம வாங்குறது பெரும்பாலும் சி.டி.சி. தூள். இலையை நசுக்கி, கிழிச்சு, சுருட்டுற முறை. துகள் சின்னதாக ஆக, அதே எடைக்கு வெளிப்பரப்பு கூடும். ஒரு கனசதுரத்தோட பக்கத்தைப் பாதியாக்கினா, கன அளவுக்கு வெளிப்பரப்பு ரெண்டு மடங்கு. அதனால டஸ்ட் தூள்ல நிறமும் திடமும் ரொம்பச் சீக்கிரம் இறங்கிடும். அதுக்கப்புறம் கொதிக்கிற ஒவ்வொரு நிமிஷமும் மணத்தை விரட்டிட்டு துவர்ப்பை இறக்குற நிமிஷம். ஸ்ட்ராங்கா வேணும்னா தூளைக் கூட்டுங்க, நேரத்தைக் கூட்டாதீங்க.

பாலைத் தனியாக் காய்ச்சி, வடிகட்டின டிகாக்ஷன்ல சேர்க்கணும். சேர்த்ததுக்கு அப்புறம் திரும்பக் கொதிக்கவைக்கக் கூடாது. நம்ம டீக்கடை மாஸ்டருங்க இதைத்தான் செய்றாங்க. பாய்லர்ல வெந்நீர், துணி வடிகட்டியில தூள், தனிப் பாத்திரத்துல பால். வீட்டு டீயைவிடக் கடை டீ நமக்குப் பிடிக்கிறதுக்கு இது ஒரு காரணம். தூளும் பாலும் அங்க ஒண்ணா வேகுறதில்லை.

கடைசியா மூணு நாலு ஆத்து. இதுல ஸ்டைல் மட்டும் இல்லை. ஆத்தும்போது டீ மெல்லிசா நீண்டு விழுறதால காத்து படுற பரப்பு கூடி வேகமா ஆறும், நுரையும் வரும், சர்க்கரையும் கலந்துடும். கருப்பட்டி போடுறவங்க அடுப்புல போடாதீங்க. அதுல இருக்கிற புளிப்புக்குக் கொதிக்கிற பால் திரியும். டீ கொஞ்சம் ஆறினதும் கிளாஸ்ல தட்டிப் போட்டுக் கலக்குங்க.

சரி, உப்புத் தண்ணி மட்டும்தான் இருக்கு, என்ன பண்றது? தண்ணியை முதல்லயே பத்து நிமிஷம் தனியாக் கொதிக்கவச்சு, மூடி வச்சு, ஆறினதும் அடியில படிஞ்ச வெள்ளையைக் கலக்காம மேல இருக்கிறதை மட்டும் இறுத்து எடுங்க. தற்காலிகக் கடினத்தன்மை பெரும்பகுதி போயிடும். கரிப்பு போகாது. அதனால அந்தத் தண்ணியில பால் டீக்கு ஆசைப்படாதீங்க. பால் இல்லாம, எலுமிச்சை பிழிஞ்சு குடிங்க. எலுமிச்சையோட புளிப்பு அந்தப் படலத்தைக் கட்ட விடாது, நிறமும் தெளிஞ்சிடும். இல்லையா, டீயையே விட்டுட்டு எங்க காட்டு மல்லியை வறுத்துப் பொடிச்சு, சுக்கு, கருப்பட்டியோட சுக்கு மல்லிக் காபி போடுங்க. உப்புத் தண்ணியை ஓரளவு மறைக்கிற சக்தி அதுக்கு உண்டு. கரிசல்காட்டு வீடுகள்ல அது இன்னும் நிக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்னு எனக்கு ஒரு சந்தேகம்.

தூள் மேல உண்மையிலேயே சந்தேகம் இருந்தா அதுக்கும் வழி இருக்கு. ஃபில்டர் பேப்பரை நனைச்சு அது மேல கொஞ்சம் தூளைத் தூவி, கொஞ்ச நேரம் கழிச்சுத் தட்டிடுங்க. பேப்பர்ல பளிச்சுன்னு சாயக்கறை இருந்தா கலப்படம். உணவுப் பாதுகாப்புத் துறையே சொல்ற வீட்டுச் சோதனை இது. ரேஷன் கடையில விக்கிற ஊட்டி டீ, நீலகிரிச் சிறு விவசாயிகளோட கூட்டுறவுத் தொழிற்சாலைகள்ல இருந்து வர்றது. அதை மட்டமான தூள்னு கேலி பண்றவங்க, ஒருதரம் நல்ல தண்ணியில, மேல சொன்ன கணக்குல போட்டுக் குடிச்சுப் பார்த்துட்டுப் பேசுங்க.

"கேன் வாங்கிக்க வேண்டியதுதானே?"

இந்த இடத்துல ஒரு எதிர்க்கேள்வி வரும். அதான் ஆர்.ஓ. கேன் இருக்கே, அப்புறம் என்ன? உண்மைதான். ஆர்.ஓ. தண்ணியில டீ நல்லா வரும். தூள் கூடக் கொஞ்சம் குறைச்சுப் போடலாம். ஹாஸ்டல்ல நாம அதைத்தான் குடிக்கிறோம். நானும் இதோட விட்டிருப்பேன், பொங்கலோட ரெண்டாம் நாள் மட்டும் இல்லைன்னா.

மாட்டுப் பொங்கல் அன்னைக்குக் காலையில எல்லாரும் டீ குடிச்சிக்கிட்டிருந்தோம். அப்பத்தாவும் ஓரமா உக்காந்து குடிச்சிக்கிட்டிருந்துச்சு. அதோட டம்ளர்ல இருந்த டீ வேற நிறம். முந்தின நாள் பார்த்த அதே சாம்பல் நிறம். முதல்ல கவனிச்சது குன்னூர்க்காரன்தான். "அப்பத்தா, உங்களுக்கு மட்டும் ஏன் தனியா?"ன்னு கேட்டான். ஒரே நாள்ல பாட்டி அப்பத்தா ஆகியிருந்துச்சு.

"எனக்கு இது பழகிருச்சு சாமி. ஒரு ஆளுக்குன்னு நல்ல தண்ணியை எதுக்குச் செலவழிக்க? வந்த பிள்ளைகளுக்குப் பத்த வேணாமா?"

நான் அந்த வீட்ல பதினேழு வருஷம் வளர்ந்தவன். தினம் ரெண்டு வேளை டீ குடிச்சவன். அப்பத்தா உப்புத் தண்ணியில டீ போட்டுக் குடிக்குதுன்னு எனக்குத் தெரியாது. நல்ல தண்ணி குடத்துல இருந்து வரும், டீ டம்ளர்ல வரும், அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது. யாருக்கு எந்தத் தண்ணின்னு அடுப்படியில தினம் ஒரு பங்கீடு நடந்துக்கிட்டு இருந்திருக்கு. அதுல கடைசிப் பங்கு எப்பவும் பங்கு போடுற ஆளுக்குத்தான். உங்க வீட்லயும் யார் எந்தத் தண்ணியில குடிக்கிறாங்கன்னு ஒருதரம் பாருங்க.

கேன் வாங்குறது காசு இருக்கிறவங்களுக்கான பதில். ஆர்.ஓ. மெஷின் ஒரு பக்கம் நல்ல தண்ணி குடுக்கும்போது இன்னொரு பக்கம் உப்பு கூடின கழிவுத் தண்ணியையும் வெளியே தள்ளும். நிலத்தடி நீரே இறங்கிக்கிட்டு இருக்கிற ஊர்ல அது எத்தனை நாளைக்குத் தாங்கும்?

அதைவிடப் பழைய பதில் ஒண்ணு எங்க பக்கம் இருந்தது. ஊருணி. மழைத் தண்ணியைத் தேக்கி, குடிக்க மட்டும்னு ஊரே கட்டுப்பாடு வச்சுக் காப்பாத்தின குளம். மாடு இறங்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது. மழைத் தண்ணியில கால்சியம் ஏது? அதைவிட மென்னீர் கிடையாது. கலங்கலா இருந்தா மண்பானையோட உள்பக்கம் தேத்தாங்கொட்டையை உரசி விட்டு, அதுல ஊத்தி வச்சா மண்ணெல்லாம் அடியில தங்கிடும். நாம வாட்டர் ட்ரீட்மென்ட் பாடத்துல படிக்காரம் போட்டுத் தெளிய வைக்கிறதைப் படிக்கிறோமே, கிட்டத்தட்ட அதே வேலை. மழைக்காலத்துல முற்றத்துல வெள்ளை வேட்டியைக் கட்டி அண்டாவுல பிடிச்ச மழைத் தண்ணியிலதான் அந்தக் காலத்துல விருந்தாளிக்குக் காபித் தண்ணி வைப்போம்னு அப்பத்தா சொல்லும். குழாயும் போரும் வந்தப்புறம் ஊருணியைத் தூர்வார ஆள் இல்லை. எத்தனையோ ஊருணிகள்ல இன்னைக்குத் தண்ணிக்குப் பதிலா சீமைக்கருவேல் நிக்குது.

தமிழ்நாட்டுல எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு 2003-ல் சட்டம் கொண்டு வந்தாங்க. நம்ம வீட்டு மாடியில இருந்து இறங்குற அந்தக் குழாய் எங்க போய் முடியுதுன்னு நம்மள்ல எத்தனை பேருக்குத் தெரியும்? சிவில் படிக்கிற எனக்கே எங்க வீட்டுக் குழாய் உடைஞ்சு கிடக்குதுன்னு இந்தப் பொங்கலுக்குத்தான் தெரிஞ்சது.

ஒரு பாட்டில் தண்ணி

அதனால எனக்கு ஒரு யோசனை. நம்ம ப்ராஜெக்ட் எக்ஸ்போவுல வருஷா வருஷம் யாராவது ஒரு டீம் "ஸ்மார்ட் டீ மெஷின்" செய்றாங்க. மொபைல்ல தட்டினா டீ வரும். நல்லா இருக்கு, செய்யட்டும். அதுகூட இதையும் செய்வோம்.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போறவங்க ஒவ்வொருத்தரும் திரும்பி வரும்போது அவங்க வீட்ல டீ போடுற தண்ணி ஒரு லிட்டர் கொண்டு வாங்க. பாட்டில் மேல ஊர் பேரும், அது போர்த் தண்ணியா, கூட்டுக் குடிநீரா, கிணறா, ஊருணியா, கேனா என்கிறதும் எழுதுங்க. கெமிஸ்ட்ரி லேப்ல அனுமதி கேட்டு, இந்தத் தடவையாவது பக்கத்து டேபிளைப் பார்க்காம, ஈ.டி.டி.ஏ. சோதனையை நாமே செய்வோம். மொத்தக் கடினத்தன்மை எவ்வளவு, கொதிக்கவச்சாப் போறது எவ்வளவு, போகாதது எவ்வளவுன்னு ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வரி. நம்ம ஹாஸ்டல்ல எத்தனை மாவட்டத்துப் பசங்க, பொண்ணுங்க இருக்காங்க! அந்தப் பட்டியலை வரைபடமாப் போட்டா, எந்த ஊர்ல கொதிக்கவச்சு இறுத்தாலே போதும், எந்த ஊர்ல மழைத் தண்ணியைப் பிடிச்சே ஆகணும்னு பார்த்த உடனே தெரியும். ஊர்ல பெரியவங்ககிட்ட, கிராம சபையில பேசும்போது கையில காட்ட ஒரு எண் இருக்கும். "தண்ணி சரியில்லை"ன்னு சொன்னாத் தலையாட்டிட்டுப் போறவங்க, எண்ணைக் காட்டினா கொஞ்சம் நின்னு கேப்பாங்க.

நான் ரெண்டு பாட்டில் கொண்டு வர்றேன். ஒண்ணு அப்பத்தா எங்களுக்கு டீ போடுற தண்ணி. இன்னொண்ணு அது தனக்குப் போட்டுக்கிற தண்ணி. உடைஞ்ச மாடிக் குழாயைச் சரி பண்ணி ஒரு சின்டெக்ஸ் தொட்டியில விட்டிருக்கோம். அடுத்த ஐப்பசி மழை ஒழுங்காப் பெஞ்சா மூணாவதா ஒரு பாட்டிலும் வரும்.

பாட்டில் கொண்டு வர்றவங்க எல்லாருக்கும் டீ என் செலவு. தூள் என்ன கம்பெனின்னு மட்டும் கேக்காதீங்க.